சிவப்பு மருந்தும் இதயமும்

டாக்ஸோரூபிசின் சிவப்பாகத்தான் நரம்பில் இறங்கும். மார்பகப் புற்றுநோய், லிம்ஃபோமா, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் என எத்தனையோ பேரை மீட்ட மருந்து. இதயத் தசையைச் சிதைப்பதும் அதுவே. வாழ்நாள் மொத்த அளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டாமல் மருத்துவர்கள் கணக்கு வைப்பது அதனால்தான். இம்மருந்து இரும்போடு சேர்ந்து கிளப்பும் ஃப்ரீ ரேடிக்கல்களை அடக்கும் நொதிகள் இதயத்தில் குறைவு. மஞ்சளிலுள்ள குர்குமினும் வெங்காயத்திலுள்ள குவெர்செடினும் அந்த ரேடிக்கல்களை அடக்க வல்லவை. ஆனால், இரண்டும் தண்ணீரில் எளிதில் கரையாதவை. ரத்தத்தில் போதிய அளவு சேருமுன் கல்லீரல் மாற்றி வெளியேற்றிவிடும். அவற்றை நானோ துகளில் பொதிந்து அனுப்பும் முயற்சி, எலிகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. இது வெறும் கனவல்ல: இதே டாக்ஸோரூபிசினைக் கொழுப்புக் குமிழில் அடைத்த மருந்துக்கு அமெரிக்கா 1995-இல் அனுமதி தந்தது, இதயச் சேதமும் குறைந்தது. ஆனாலும் எலி வேறு, கீமோ எடுக்கும் தாய் வேறு. இதய செல்லைக் காக்கும் பொருள் புற்றுசெல்லையும் சேர்த்துக் காத்துவிட்டால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விடை வருமுன் ‘நானோ குர்குமின்’ மாத்திரையை நோயாளியிடம் விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. இதயப் பாதுகாப்புக்கென ஏற்கெனவே இருக்கும் டெக்ஸ்ராசோக்சேன் மருந்தோடு ஒப்பிட்டு, மனிதர்களிடம் முறையான சோதனை நடத்த அரசு பணம் ஒதுக்கட்டும். அதுவரை, கீமோ தொடங்குமுன் இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன், இடையில் ஒன்று, முடிந்தபின் ஒன்று: இதை எந்த நோயாளிக்கும் மறுக்கக் கூடாது.