பிள்ளையின் எலும்பும் குழாய்த் தண்ணீரும்

"குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கிறார்களாமே, என் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" கிள்ளானிலிருந்து அழைத்த ஒரு நேயரின் கேள்வி இது. இரண்டு பாட்டுக்கு நடுவில் சொல்லி முடிக்கிற பதிலில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வளரும் எலும்பு ரத்தத்தில் வருகிற எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம்தான் எலும்பின் செங்கல். அதில் பொருந்துகிற தாதுவை மட்டுமே அது பிடித்துக்கொள்ளும். ஆனால் பொருந்துவதெல்லாம் நல்லதாக இருக்க வேண்டுமே! கால்சியத்தின் இடத்தில் ஈயம்கூட உட்கார்ந்துவிடும். ஃபுளோரைடும் அந்தப் படிகத்துக்குள் எளிதாகப் புகும். உடம்பில் சேர்ந்த ஃபுளோரைடில் ஏறக்குறையப் பாதியைப் பெரியவர்கள் சிறுநீரில் கழித்துவிடுவார்கள். கைக்குழந்தையோ 80 விழுக்காட்டுக்கு மேல் எலும்பிலும் பல்லிலும் தேக்கிக்கொள்ளும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பார்க்கலாம். பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை, சிலருக்கு மூட்டே இறுகிப்போனது. அதனால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள். 2013இல்தான் அந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். மலேசியாவில் 2005 முதல் குழாய்நீருக்கு வைத்திருக்கும் அளவு 0.5தான். தாராளமாகக் கொடுங்கள்.

என் கவலை பற்பசை மேல். ஸ்ட்ராபெரி வாசனை என்றால் சில வாண்டுகள் விழுங்கியே விடுகின்றன. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு போதும். துப்பவும் பழக்குங்கள்.