தண்ணீரும் வணிக இரகசியமோ?

செயற்கை நுண்ணறிவைப் போற்றுவோர் அதனை உடலற்ற அறிவாகவே காட்டுவர். அது முகிலிலே வாழ்கின்றதாம். நாமறிந்த முகில் மழை பொழியும். இம்முகிலோ நிலத்து நீரைக் குடிக்கின்றது. நாம் வினாவும்போது விடை தேடுவன எங்கோ ஒரு தரவு நிலையத்திலே வரிசையாக நின்று ஓயாது வெப்பம் கக்கும் கணனிகளே. அவ்வெப்பத்தைத் தணிக்கப் பல நிலையங்களிலே நீர் ஆவியாக்கப்படுகின்றது. தூய்மையற்ற நீர் குழாய்களிலே படிவை உண்டாக்குமாதலின், பெரும்பாலும் குடிநீரே இதற்குப் பயன்படுகின்றது. ஆவியாகிய நீர் அவ்வூர்க் குழாய்க்கு மீள்வதில்லை.

ஒரு வினாவுக்குச் சில துளிகள்தாமே எனக் கம்பனிகள் வாதிடுகின்றன. ஜெமினியிடம் கேட்கப்படும் வழமையான வினாவொன்றுக்கு 0.26 மில்லிலீற்றர் நீரே செலவாகின்றதெனக் கூகிள் 2025ஆம் ஆண்டிலே அறிவித்தது. அக்கணக்கைப் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆயினும், மின்னிலையங்களிலே செலவாகும் நீர் அதிலே சேரவில்லை. மேலும், 2023ஆம் ஆண்டிலே அக்கம்பனி தன் சேவைகள் அனைத்துக்குமாக நுகர்ந்த நீர் ஏறத்தாழ 2,300 கோடி லீற்றர் என அதன் அறிக்கையே கூறுகின்றது. துளியைக் காட்டிக் குளத்தை மறைப்பதுதான் விஞ்ஞானமோ?

உருகுவே நாட்டைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டிலே மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நீரை மனித உரிமையெனத் தன் அரசியல் யாப்பிலே பொறித்த நாடு அது. 2023ஆம் ஆண்டின் கொடிய வரட்சியிலே தலைநகராம் மொன்ரிவிடியோவின் நீர்த்தேக்கம் வற்றியது. கழிமுகத்து உவர்நீர் கலந்தே குழாய்களிலே வந்தது. வசதி படைத்தோர் போத்தல் நீர் வாங்கினர். ஏனையோர் உப்புநீரைக் குடித்தனர். அவ்வேளையிலேதான் அந்நாட்டிலே கூகிள் அமைக்கவிருந்த தரவு நிலையம் நாளொன்றுக்கு 76 இலட்சம் லீற்றர் நீரை வேண்டுமென்பது வெளியாகியது. அது 55,000 மக்களின் அன்றாட வீட்டுத் தேவைக்கு ஒப்பானது. அதனை அரசு தானாக வெளியிடவில்லை. ஆய்வாளர் ஒருவர் நீதிமன்றம் ஏறியே பெற்றார். 'இது வரட்சியன்று, கொள்ளை' என மக்கள் முழங்கினர். பின்னர் அத்திட்டம் காற்றினாற் குளிரூட்டும் முறைக்கு மாற்றப்பட்டது. மக்கள் கேட்டிராவிடின் மாறியிருக்குமா?

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் கதை வேறன்று. ஒறிகன் மாநிலத்திலே கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள சிறுநகரம் த டால்ஸ். அங்கே கூகிளின் நிலையங்கள் குடிக்கும் நீரின் அளவை 2021ஆம் ஆண்டிலே ஒரு பத்திரிகை கேட்டபோது, அது வணிக இரகசியமெனக் கூறி நகராட்சியே வழக்காடியது. ஓராண்டுக்கு மேல் இழுபட்ட பின்னர், 2022இன் இறுதியிலே உண்மை வெளிவந்தது: நகரின் மொத்த நீரிலே காற்பங்குக்கும் மேல் அந்நிலையங்களுக்கே சென்றது, அவ்வளவு ஐந்தாண்டுகளிலே ஏறக்குறைய மும்மடங்காகியிருந்தது.

வேளாண்மை இதனினும் பன்மடங்கு நீரை உண்கின்றதே என்பர் சிலர். மெய்தான். ஆனால் வயலுக்குப் பாயும் நீரை ஊரறியும். வாய்க்காலை எவரும் வணிக இரகசியமென மூடிவைத்ததில்லை. காற்றினாற் குளிரூட்டலாமே என்பர் வேறு சிலர். அதற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். அனல் மின்னிலையமும் நீர் குடிப்பதே. எவ்வழி செல்லினும் விலையுண்டு. அவ்விலையை யார் செலுத்துவது என்பதே கேள்வி.

இயந்திரத்தை உடைக்குமாறு நாம் கோரவில்லை. கட்டுமுன் நீரின் அளவைக் கூறுக. ஆண்டுச் சராசரியை மட்டுமன்றி, கோடையின் உச்சநாள் அளவையும் கூறுக. வரட்சியிலே மக்களின் குடத்துக்கே முதலிடமென அனுமதிப் பத்திரத்திலே எழுதுக. இவையே நம் கோரிக்கைகள். கட்டுரைக்கும் ஒப்படைக்கும் இவ்வியந்திரத்தை நாடும் மாணவராகிய நமக்கும் இதிலே பொறுப்புண்டு. எல்லா வினாக்களையும் அதனிடம் கேட்கும் நாம், அதனைப் பற்றிய இவ்வொரு வினாவை அதன் உடைமையாளரிடம் கேட்கத் தயங்கலாமா?