பூட்டிய அறையும் பூட்டிய நெஞ்சமும்

துப்பறியும் நாவல் என்றாலே பெரியவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். கொலையைப் பற்றிப் படிக்கும் பெண்ணுக்கு நல்ல எண்ணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பணிவுடன் மாறுபடுகிறோம். எல்லா நாவல்களுக்காகவும் வாதாட வரவில்லை. அட்டைப் படத்தை நம்பி விற்கும் மலிவுப் புத்தகங்கள் எங்களுக்கும் வேண்டாம். அகதா கிறிஸ்டி எழுதி 1938-இல் வெளிவந்த 'ஹெர்க்யூல் பொய்ரோவின் கிறிஸ்துமஸ்' என்ற ஒரு நூலுக்காகவே பேசுகிறோம்.

இங்கிலாந்தின் ஒரு பெரிய மாளிகை. தென்னாப்பிரிக்காவில் வைரத்தால் பணம் சேர்த்த கிழவர் சிமியோன் லீ, பிள்ளைகள் எல்லோரையும் கிறிஸ்துமஸுக்கு வரவழைக்கிறார். அன்பினால் அல்ல, அவர்கள் ஒருவரோடொருவர் மோதுவதைப் பார்த்து ரசிப்பதற்காக! கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு மாடியில் மேசை நாற்காலிகள் உருளும் ஓசை; பின் ஓர் அலறல். கதவு உள்ளே பூட்டியிருக்கிறது. உடைத்துப் பார்த்தால் கிழவர் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறார். கொன்றவரைக் காணோம். இவருடைய கொலைகளில் இரத்தமே இல்லை என்று மைத்துனர் ஜேம்ஸ் குறைப்பட்டதால்தான் இதை இவ்வாறு எழுதினாராம். மைத்துனருக்கு மனநிறைவு ஏற்பட்டிருக்கும்!

கொலையாளியின் பெயரை எழுத மாட்டோம். இனிப் படிக்கப் போகும் தங்கைகள் எங்களை மன்னிக்க மாட்டார்கள். காரணத்தை மட்டும் சொல்கிறோம். கிழவர் இளமையில் ஒரு பெண்ணை ஏமாற்றிக் கைவிட்டிருந்தார். அந்தத் தாய்க்காகப் பல ஆண்டுகள் காத்திருந்து தீர்த்த பழி இது.

"அப்படியானால் கிழவருக்கு இது தகும்" என்று எங்களில் சிலர் உடனே சொன்னார்கள். தாயை நினைத்துச் செய்தது என்றால் எந்தப் பெண்ணின் மனம்தான் இளகாது? ஆனால் கதையை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து படியுங்கள். அந்த வீட்டில் பிலார் என்றொரு இளம்பெண் இருக்கிறாள். கொலை நடந்த அறையில் தரையில் கிடந்த சிறு பொருளைக் குனிந்து எடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்காக அவளையும் தீர்த்துவிட அதே கை ஒரு பொறி வைக்கிறது. இந்தப் பெண் எந்தத் தாயை ஏமாற்றினாள்? பழியைத் தீர்த்தாயிற்று என்றால் கை அங்கேயே நின்றிருக்க வேண்டுமல்லவா? நிற்கவில்லை. வீட்டிலுள்ள அத்தனை பேர்மீதும் சந்தேகம் விழுவதைப் பற்றியும் கொலையாளிக்குக் கவலையில்லை.

டேவிட் என்ற மகனையும் பாருங்கள். அவனுடைய தாயும் அதே மனிதரால் மனம் நொந்து இறந்தவள்தான். அவனுக்கும் வெறுப்பு உண்டு. அலறல் கேட்ட நேரத்தில் பியானோவில் சாவு ஊர்வல இசையை வாசித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் கத்தியை எடுக்கவில்லை. எங்களுக்குப் பூட்டின் மர்மத்தைவிட இந்த வேறுபாடே பெரிதாகப் பட்டது. சாவியை வெளியிலிருந்தே ஒரு கருவியால் திருப்பிவிடலாம். அதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

இதே ஆசிரியர் எழுதி 1934-இல் வெளிவந்த 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' கதையிலும் பழிதான் காரணம். அங்கும் உள்ளே சங்கிலி போட்ட அறை. ஆனால் கொல்லப்பட்டவன் ஒரு குழந்தையைக் கடத்திக் கொன்று, சட்டத்தின் பிடியிலிருந்து தப்பியவன். அதனால் பொய்ரோ குற்றவாளிகளைக் காட்டிக் கொடுக்காமல் விடுகிறார். அது சரியா என்பதில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தே இருக்கிறது. சட்டம் கைவிட்டவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்பது ஒரு கட்சி. பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் கொலை கொலையே என்பது மறு கட்சி. 1938-இன் கதையிலோ பொய்ரோ யாரையும் தப்பவிடவில்லை. இதில் மட்டும் இரு கட்சியும் ஒன்றாகக் கைதட்டினோம்.

ஆகவே நூலகப் பொறுப்பிலுள்ள சிஸ்டர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: இரண்டு நூல்களையும் வாங்கி ஒன்றன்பக்கம் ஒன்றாக வையுங்கள். முதலில் 1934-ஐக் கொடுங்கள்.