கொசுவின் வயிற்றில் கரும்புள்ளி

பங்கா இழுக்க முடியாது. இழுத்தால் கண்ணாடித் துண்டின்மேல் அறுத்து வைத்திருக்கும் கொசு பறந்துவிடும். வியர்வை பட்டுப் பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன, வில்லையில் விரிசல். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரிலான கட்டடம் பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ஹைதராபாத் வரும் நம்மவர்கள் சார்மினாரையும் பிரியாணியையும் முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். இதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன்.

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு உண்டு என்று லண்டனில் பேட்ரிக் மேன்சன் சொன்னதை நம்பி, ராஸ் இரண்டு வருஷமாகக் கொசுக்களை அறுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் அறுத்ததெல்லாம் சாம்பல் கொசுவும் வரிக்கொசுவும். மனிதரிடம் மலேரியாவைப் பரப்பும் இனங்கள் அவையல்ல. இத்தனைக்கும் அந்த வருஷம் ஊட்டிக்குக் கீழே சீகூர் மலைப்பாதையில், இறகில் புள்ளி போட்ட கொசு ஒன்று சுவரில் வாலைத் தூக்கி உட்கார்ந்திருந்ததை அவரே கண்டிருந்தார். அப்போது அதற்கு ஒரு அர்த்தமும் புலப்படவில்லை.

ஆகஸ்டில் அதே மாதிரிப் புள்ளி இறகுக் கொசுக்கள் கைக்குக் கிடைத்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டார்கள். கடிக்கு ஓர் அணா கூலி. 20-ம் தேதி, மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை ராஸ் அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்டமாகச் சில செல்கள், அவற்றுக்குள் கரும்புள்ளிகள். வேறு யாராவது பார்த்திருந்தால் கொசு வயிறு இப்படித்தான் இருக்கும்போல என்று நகர்ந்திருப்பார்கள். ராஸால் நகர முடியவில்லை. அத்தனை வெறும் வயிறுகளைப் பார்த்து அலுத்த கண் அது. அந்தக் கறுப்பும் அவருக்குப் பழக்கம்: 1880-ல் லாவரான் என்பவர் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் கண்ட கிருமிக்குள் இருக்கும் அதே நிறமி. மறுநாள் கடைசிக் கொசுவில் அந்த செல்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. வளர்கிறதென்றால் உயிர் இருக்கிறது. வீணாய்ப் போனதாக அவர் நினைத்த இரண்டு வருஷமும் அன்றைக்குத்தான் பலித்தது என்று நான் நினைக்கிறேன்.

தேர்ந்த கண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2013-ல் அமெரிக்காவில் ட்ராஃப்டன் ட்ரூ என்ற ஆய்வாளரும் குழுவினரும் நுரையீரல் ஸ்கேன் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி, 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். தேடச் சொன்னது புற்றுக் கட்டிகளை. சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய அந்தக் கொரில்லாவை 20 பேர் கவனிக்கவே இல்லை. பலருடைய பார்வை நேராக அதன்மேல் விழுந்திருந்ததைக் கண்ணசைவுக் கருவி காட்டியது. அவர்கள் அசட்டையானவர்கள் இல்லை. கட்டி கட்டி என்று மனம் முனைந்திருந்ததால் மற்றது எட்டவில்லை. ஸ்கேன் அறிக்கை எழுதும்போது, தேடச் சொன்னதைப் பார்த்து முடித்தபின் எதையும் தேடாமல் ஒருமுறை படத்தைப் பார்ப்பதற்கு மருத்துவமனைகள் அவர்களுக்கு நேரம் தர வேண்டும்.

ராஸின் கதையிலேயே நம் கண்ணுக்குத் தப்புகிற ஒருவர் உண்டு. 1902-ல் ராஸுக்கு நோபல் கிடைத்தது. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாயிற்று. காய்ச்சலோடு கொசுக்கடிக்கு உடம்பைக் கொடுத்த ஹுசேன் கானைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ராஸ் தன் குறிப்பில் எழுதி வைத்ததால்தான் அந்தப் பெயராவது மிஞ்சியது. அடுத்த ஆகஸ்ட் 20-ல் மேடையேறிப் பேசுகிறவர்கள் ராஸை அடுத்து அந்தப் பெயரையும் சொல்லட்டும்.