நான்கடிப் பாட்டும் நாற்பதடி வாழ்த்தும்

ஒரு மனிதரைக் காட்ட நான்கடிப் பாட்டுப் போதும். அவரை மறைக்கத்தான் நாற்பதடி வாழ்த்து வேண்டும். சற்றே கசப்பான இவ்வுரையை முதற்கண் கூறிவிட்டு மேலே செல்வதே முறை எனக் கருதுகின்றேன்.

நம் விழா மேடைகளை எண்ணிப் பாருங்கள். சட்டமிட்ட வாழ்த்துமடல் ஒன்று படிக்கப்பெறுகின்றது. நன்கொடை நல்கியவர் பாரியாகின்றார்; தலைமை தாங்கியவர் இமயமாகின்றார்; செயலாளர் செங்கதிர் ஆகின்றார். மடலைக் கேட்டவரிடம் மறுநாட் சென்று, ‘பாராட்டப் பெற்றவர் எத்தகையவர்?’ என்று வினவினால் விடை கிடையாது. பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அதே மடல் அடுத்த ஆண்டு அடுத்தவர்க்கும் பொருந்தும். அஃது அளவெடுக்காமல் தைத்த சட்டை.

அதே மேடையில் பள்ளி மாணவன் ஒருவன் எழுந்து, தன் வீட்டுப் பெரியவரைப் பற்றியோ, வரலாற்றில் படித்த ஒருவரைப் பற்றியோ குறும்பாக நான்கு வரி கூறினால் நாம் என்ன செய்கின்றோம்? சிரிக்கின்றோம். சிரித்து முடித்ததும் ‘துணுக்கு’ என்று ஒதுக்கிவிடுகின்றோம். மலரில் இடம் கேட்டால், இலக்கியக் கட்டுரைகட்கே பக்கம் போதவில்லை என்கின்றோம். வெற்று வாழ்த்தைப் போற்றுவதும், உயிருள்ள சிறுபாட்டைத் தள்ளுவதும் ஒரே நோயின் இரு குறிகள் என்பதே என் கட்சி. படைப்பைப் படைப்பாகப் பார்க்கும் கண் மங்கிவிட்டது என்பதே அந்நோய். இக்கட்சியை மறுப்போர் கூறும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் தடை: இது பிறர் சரக்கு

ஆளைப் பற்றிக் குறும்பாகப் பாடும் நான்கடி ஆங்கிலேயர் விளையாட்டு என்பார் உளர். ஆங்கிலத்தில் அப்படியொரு வகை உண்டு என்பது மெய்யே. எட்மண்ட் கிளெரிஹ்யூ பென்ட்லி (1875–1956) என்பவர் இலண்டன் நகரப் பள்ளியில் மாணவராக இருந்த நாளில், வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியைப் பற்றி விளையாட்டாக நான்கு வரி எழுதினார். முதலடியிலே ஆளின் பெயர். இரண்டிரண்டு அடிகட்கு ஓர் இயைபு. அடிகள் ஒன்றுக்கொன்று அளவொவ்வாமல் நொண்டும். அந்த நொண்டலே நகைச்சுவை. 1905இல் அவை நூலாயின. அவருடைய பள்ளித் தோழர் ஜி. கே. செஸ்டர்டன் அந்நூலுக்குப் படம் வரைந்தார். ஆசிரியரின் நடுப்பெயரே பாட்டு வகைக்கும் பெயராகிக் கிளெரிஹ்யூ என்று வழங்கலாயிற்று. பெரிய மனிதர்களின் வரலாற்றைத் தலையணை அளவு நூல்களாக எழுதிக் குவித்த நாட்டில், ஒரு மாணவனின் குறும்பு அந்தப் பொதியைக் கீழே இறக்கி வைத்தது.

ஆயின், ஓர் ஆளை ஓரடியில் அடக்கும் கலையை நாம் அவர்களிடம் கற்க வேண்டியதில்லை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையைப் பதினொரு பாடலில் முடித்தார். அடியார் ஒருவர்க்குப் பெரும்பாலும் ஓர் அடைமொழி, ஒரு பெயர், அவ்வளவே. நம்பியாண்டார் நம்பி அதனை ஆளுக்கொரு பாட்டாக விரித்துத் திருத்தொண்டர் திருவந்தாதி ஆக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனையே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக வளர்த்தார். பெரிய புராணம் என்னும் ஆலமரத்தின் விதை அந்தச் சிறு தொகையே. விதையைத் ‘துணுக்கு’ என்பவன் மரத்தின் நிழலில் அமரத் தகுதியுடையவனா?

நாம் வாழும் மண்ணையே சான்றாகக் கொள்வோம். கொச்சிக்கு வடக்கே உள்ள கொடுங்கல்லூரைச் சார்ந்த சேரமான் பெருமாளைச் சுந்தரர் ‘கழறிற்றறிவார்’ என்ற ஒரே பெயரால் சுட்டினார். எல்லா உயிரும் கழறுவதை அறிபவர் என்பது பொருள். அம்மன்னர் முடிசூடி யானைமேல் உலா வருங்கால், உவர்மண் சுமந்து உடலெல்லாம் வெளுத்த சலவைத் தொழிலாளி ஒருவரைக் கண்டு, நீறு பூசிய அடியாராகக் கருதி இறங்கி வணங்கினார். அவர் நடுங்கித் தம்மை அடிவண்ணான் என்று கூற, மன்னர் தம்மை அடிச்சேரன் என்று கூறினார். இது சேக்கிழார் காட்டும் காட்சி. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள சலவைத் துறையில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்களை நாம் அறிவோம். சேர மண்ணின் மன்னர் ஒருவரின் வாழ்க்கை, அத்தொழிலைச் செய்த ஒருவர் முன் அவர் யானையினின்று இறங்கிய அந்த ஒரு நொடியில் அடங்கிவிடுகின்றது. வாழ்க்கை வரலாறு என்பது இதுவன்றோ? பிறந்த ஆண்டும் பெற்ற பட்டமும் அடுக்கினால் இவ்வுருவம் கிடைக்குமா?

இரண்டாம் தடை: குறும்பு இலக்கியமாகாது

பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகத்தை இவர்கள் எங்கே வைப்பார்கள்? நாகையில் காத்தான் என்பவர் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த புலவர், அங்கே சோறு வரும் நேரத்தைக் கிண்டல் செய்து ஒரு வெண்பாப் பாடினார். பொழுது சாயும்போது அரிசி வரும். உலையேறும்போது ஊர் உறங்கும். இலையில் விழும்போது விடிவெள்ளி தோன்றும் என்பது அதன் வெளிப்பொருள். காத்தான் வருந்தவே, அச்சொற்களையே புகழாக மாற்றிப் பொருளுரைத்தார் என்பது செவிவழிக் கதை. பஞ்ச காலத்திலும் அரிசி வந்து குவியும், ஊர்ப் பசி அடங்கும், சோற்றின் வெண்மை முன் வெள்ளியும் நாணும் என்பது அவ்வுரை. எண்ணிப் பாருங்கள்: தமிழகத்தில் எத்தனை சத்திரங்கள்! எத்தனை அறக்கட்டளைகள்! கல்லில் பெயர் வெட்டியவர்களை மறந்தோம், காத்தானை மறக்கவில்லை. நூறு வாழ்த்துமடல் தர இயலாத வாழ்வை நான்கடிக் குறும்பு தந்துவிட்டது.

இத்தகைய பாடல்கள் பல ஏடு காணாமல் நாவிலேயே வாழ்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனிப்பாடல் திரட்டு அச்சேறியதால் அவற்றுள் பல பிழைத்தன. திரட்டியவர்கள் ‘துணுக்கு’ என்று தள்ளியிருந்தால் காளமேகத்தின் குரல் இன்று எவ்வளவு குன்றியிருக்கும்!

மூன்றாம் தடை: மனம் புண்படும்

இத்தடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ‘வேற்று மாநிலத்தில் சிறு கூட்டமாக வாழ்கின்றோம், ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தால் ஒற்றுமை குலையும்’ என்பார் கவலையில் நியாயம் உண்டு. தனிப்பாடல்களிலும் பிறர் சாதியையும் உடற்குறையையும் வறுமையையும் எள்ளுவன இருக்கின்றன. பழமை என்பதற்காக அவற்றைப் பின்பற்ற வேண்டா. அவை மறக்கத் தக்கவை.

ஆயின், எள்ளலுக்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பிரித்தார். வெளிப்படக் கூறுவது ஒன்று. மறைத்துக் கூறுவது மற்றொன்று. ஔவையார் தொண்டைமான் படைக்கலக் கொட்டிலைப் பாடியதைப் புறநானூறு காட்டுகின்றது. நெய் பூசி, மயிற்பீலி சூட்டிப் பளபளக்கும் உன் வேல்கள் எங்கே. போரில் முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமான் வேல்கள் எங்கே என்பது அதன் கருத்து. எதிரே நின்று புகழ்வது போலவே ஒரு மன்னனின் போர் அனுபவமின்மையை உணர்த்திவிட்டார். தூது சென்ற இடத்தில், போரைத் தவிர்க்க எழுந்த குறும்பு அது.

ஆகவே அளவுகோல் எளிது. ஒருவர் தாமே தேர்ந்துகொண்டதைக் கிண்டல் செய்யலாம்: அவர் பிடிவாதம், பழக்கம், பெருமிதம். அவர் தேராததைக் கிண்டல் செய்தலாகாது: பிறப்பு, உடல், துயர். பாடப்பெற்றவரே முதலில் சிரித்தால் பாட்டு வென்றது. உறவும் நெருக்கமும் உள்ள இடத்தில்தான் இத்தகைய கிண்டல் பிறக்கும். புகழ்மடலோ முன்பின் அறியாதவர்க்கும் எழுதப்படும். ஒற்றுமைக்கு எது சான்று?

பாராட்டு என்பது யாது?

தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், நீராட எடுத்துச் சென்ற முரசின் கட்டிலில் அறியாமல் படுத்துறங்கினார் மோசிகீரனார். வாளால் வெட்டுவதே அக்குற்றத்துக்குத் தண்டம். மன்னனோ கவரி எடுத்து விசிறினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு அதற்குப் புலவர் செலுத்திய நன்றி. அம்மன்னன் மேடையேறி ‘கவிப்பேரரசே’ என்று முழங்கவில்லை. புலவர்க்கு அப்போது எது வேண்டுமோ அதனை அறிந்து செய்தான். உறங்குபவர்க்கு வேண்டியது காற்று.

சேர மன்னரைப் பாடிய பதிற்றுப்பத்தின் பதிகங்களையும் நோக்குக. ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் ஒரு குறுவரலாறு: மன்னன் யார் மகன், என்ன செய்தான், யார் பாடினார், எவ்வெப் பாட்டுப் பாடினார், என்ன பெற்றார் என்று பெயரிட்டுக் கூறும். கபிலர்க்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணம் தந்து, நன்றா என்னும் குன்றேறிக் கண்ணுக்கு எட்டிய நாட்டையும் தந்தான் என்கின்றது ஏழாம் பத்தின் பதிகம். பரிசின் பெருமையினும் எனக்கு வியப்பூட்டுவது அந்தக் கணக்கு முறை. பாட்டுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பது பாராட்டின் முதல் இலக்கணம். நாமோ, ‘அருமை, அற்புதம்’ என்று கூறிப் பொன்னாடை போர்த்துகின்றோம். எந்த அடி அருமை என்று கேட்டால் திகைக்கின்றோம்.

மலையாளத்தில் குஞ்ஞுண்ணி மாஷ் (1927–2006) என்பார் இரண்டடி, நான்கடிப் பாட்டுகளாலேயே புகழ் பெற்றார். ‘மாத்ருபூமி’ வார இதழின் சிறுவர் பகுதியைக் ‘குட்டேட்டன்’ என்னும் பெயரில் நடத்திப் பிஞ்சுக் கைகளின் எழுத்தைப் படித்துத் திருத்தி வளர்த்தார். பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர் பலர் அவர் கண்பட்டு வளர்ந்தவர். சிறியதைப் போற்றத் தெரிந்தவரிடம் பெரியது வளரும். நம் பக்கத்து வீட்டார் செய்ததை நாம் செய்யலாகாதா?

ஒரு மாதிரி காட்டிவிட்டு மேலே செல்வேன். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவின் உடல், கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பெற்று, 1539இல் போர்ச்சுகலுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இதனை நான்கடியில் கூறினால்:

மிளகுக்கு வந்தார் வாஸ்கோடகாமா;
மிளகின்றித் திரும்பத்தான் மனம்வருமா?
பதினைந் தாண்டு கொச்சியிலே படுத்துக் கிடந்தார்;
பரங்கிநாட்டார் தோண்டியபின்தான் ஊருக்கு நடந்தார்.

இதனைப் பெருங்கவிதை என்று யான் கூறவில்லை. ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு பண்டம், ஓர் ஆண்டுக் கணக்கு நான்கும் இதில் உள. ‘நடந்தார்’ என்ற ஒரு சொல்லில் நகை உளது. உலகை மிரட்டிய ஒருவர் எலும்பாகத் திரும்பினார் என்ற உண்மையும் உளது. மூன்றாம் அடி நீண்டு தளர்கின்றது, செதுக்கினால் சிறக்கும். நிறையும் குறையும் இவ்வாறு இடம் சுட்டிக் கூறுங்கள். எழுதியவர் மீண்டும் எழுதுவார். ‘ஆகா’ என்ற ஒரு சொல் அவரை அங்கேயே நிறுத்திவிடும்.

இழக்கப் போவது யாது?

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் நடப்போர் 1568இல் கட்டிய தொழுகைக் கூடத்தைப் பார்க்கின்றனர். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடி, கையேடுகளில் எழுதி வைத்த பாட்டுகளை எத்தனை பேர் அறிவர்? திருமணப் பாட்டு, கோயிற் பாட்டு, கதைப் பாட்டு எனப் பல அவற்றில் உள்ளன. 1950களில் அம்மக்களுள் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றபோது அக்கையேடுகளும் உடன் சென்றன. அறிஞர்கள் அவற்றைத் தேடித் திரட்டினர்; 2005இல் ‘கார்குழலி’ என்னும் பெயரில் மலையாளமும் ஹீப்ரூவுமாக ஒரு தொகுதி வெளிவந்தது. ஒரு சமூகம் ஊரைவிட்டுப் போன பின்னும் அதன் குரல் எஞ்சியது எதனால்? வீட்டுப் பெண்கள் சிறு பாட்டையும் எழுதத் தக்கது என்று எண்ணியதனால்.

நம் வீடுகளில் அத்தகைய கையேடு உண்டா? பாட்டனார் எந்த ஊரினின்று புறப்பட்டார், எந்தக் கடையில் கணக்கெழுத அமர்ந்தார், மலையாளம் பேசத் தொடங்கிய நாளில் எந்தச் சொல்லை மாற்றிச் சொல்லி நகைப்புக்கு ஆளானார் என்பனவெல்லாம் பாட்டியின் நாவில் இருக்கின்றன, அவரோடு போய்விடும். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகட்கு வீட்டில் பேசும் தமிழ் உண்டு. எழுதும் தமிழ் பலர்க்கு இல்லை. அவர்களை எடுத்த எடுப்பில் எண்சீர் விருத்தம் எழுதச் சொன்னால் ஓடிவிடுவர். தாத்தாவைப் பற்றி நான்கு குறும்பு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்து வரும், சிரிப்பு வரும், தாத்தாவும் வருவார்.

சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் சிறிதே. அடுத்த மலரில் வாழ்த்து மடல்கட்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இப்பாட்டுகட்குத் தருக. மேடையில் ஒரு பிள்ளை பாடினால், பெரியவர் ஒருவர் எழுந்து எந்த அடி நன்று, எந்த அடி நலிந்தது என்று இரண்டு மணித்துளி பேசுக. பொன்னாடை பிறகு வரலாம், வராமலும் இருக்கலாம்.

இமயத்தையும் செங்கதிரையும் அவை இருக்குமிடத்திலேயே விட்டுவிடுவோம். நம் பெரியவர்கள் மலையல்லர், ஞாயிறல்லர். மிளகு மூட்டையும் துணி மூட்டையும் சுமந்து, கடன் பட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர்கள். அவர்களை மனிதராகவே பாட நான்கடி போதும். அந்த நான்கடியைத் தமிழில் எழுதும் பிள்ளையைக் காப்பது நம் கடன்.