அப்பாவின் போனில் பிள்ளையின் வீட்டுப்பாடம்

"வீடியோவைப் பார்த்து, விடையை நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து இன்று இரவுக்குள் குரூப்பில் போடவும்." பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது சாதாரணமாக வரும் செய்தி இது. அனுப்பும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பிள்ளைகள் நாலு விஷயம் கூடுதலாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அனுப்புகிறார். ஆனால் பகலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை, இந்த ஒரு வரி மாலையில் ஊர் என்றும் காலனி என்றும் பிரித்துவிடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால், அது அவரோடு ஷிப்ட்டுக்குப் போய்விடும். இரவு ஷிப்ட் என்றால் அன்றைக்கு வீட்டில் போனே கிடையாது. வீட்டில் இருக்கும் நாளிலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது அண்ணன் கையில் இருக்கும். பெண் பிள்ளைக்குக் கடைசியாகத்தான் கிடைக்கும். செங்கல் சூளையில் தங்கிப் படிக்கும் ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. "வீட்டில் போன் இருக்கிறதா?" என்று கணக்கெடுத்தால் "இருக்கிறது" என்றே பதில் வரும். "மாலை ஆறு மணிக்குப் பிள்ளையின் கையில் இருக்கிறதா?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

இந்த மாவட்டத்துக்குக் கருவிகளும் திட்டங்களும் வராமல் இல்லை. அன்றைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தது நம் காக்களூரில்தான். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 ஜூன் 13 அன்று மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்ததும் இங்கே அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு இருக்கிறது. பல பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கருவிகளில் ஆசிரியரின் நேரத்தை அதிகம் தின்பது வருகைப்பதிவும் எமிஸ் விவரமும் மதிப்பீட்டுப் பதிவும்தான். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று சொல்லித்தரும் பயிற்சி, போன் இல்லாத பிள்ளைக்கும் சேர்த்து ஒரு வீட்டுப்பாடத்தை எப்படித் தருவது என்று சொல்லித்தருவதில்லை.

அதைச் சொல்லித்தராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலம் காட்டிவிட்டது. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று ஆன்லைன் வகுப்புகள் தொடங்கின. முதல் நாளிலேயே மலப்புரம் மாவட்டத்தில் 14 வயது தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது, ஸ்மார்ட்போனும் இல்லை. படிப்பில் முன்னேற நினைத்த பிள்ளை அது.

நம் வரலாற்றிலும் இதற்கு முன்கதை உண்டு. திருவள்ளூரும் பொன்னேரியும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. அன்றைக்கும் பள்ளிக்கூடங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் நம் பிள்ளைகள் கால் வைக்க முடியாத தெருக்களில் இருந்தன. பள்ளி எங்கே இருக்கிறது என்பதே அன்று யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. இன்று பாடம் எந்தக் கருவியில் இருக்கிறது என்பது அதே வேலையைச் செய்துவிடக் கூடாது.

இதற்கு வழி ஒன்றும் கடினமில்லை. கருவி தேவைப்படும் வேலை பள்ளி நேரத்தில், பள்ளிக் கருவியில் முடிய வேண்டும். வீட்டுக்குப் போகும் வேலைக்கு நோட்டும் பேனாவும் போதுமானதாக இருக்க வேண்டும். பழவேற்காடு ஏரியைப் பற்றிப் பாடம் என்றால், ஆசிரியர் வீடியோவைத் தரவிறக்கி வகுப்பிலேயே காட்டலாம். மாலையில் பிள்ளைகள் பாட்டி, தாத்தாவிடம் தங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டு வரட்டும். யார் மடை திறந்தார்கள், யாருக்குத் தண்ணீர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதட்டும். மறுநாள் ஐந்து ஐந்து பேராக ஆசிரியரின் கைக்கணினியில் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும். எழுதத் தயங்கும் பிள்ளையும் அங்கே பேசும். வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ பேசும் பிள்ளையும் தன் மொழியில் தொடங்கலாம். கருவியும் பயன்படுகிறது, யாரும் விடுபடுவதும் இல்லை.

நெட் சென்டர் கலர் பிரிண்ட்டுக்கு மதிப்பெண் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அந்த மதிப்பெண் அப்பாவின் பைக்குப் போகிறதே தவிர பிள்ளையின் அறிவுக்குப் போவதில்லை. 'செய்யாதவர்கள்' என்று குழுவில் பெயர்ப்பட்டியல் போடக் கூடாது. கல்வி உதவித்தொகைக்காகச் சாதியோடு இருக்கும் பட்டியலை வகுப்புக் குழுவில் பகிரவே கூடாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பத்துப் பேர் பார்ப்பார்கள், குழுவில் போட்டால் ஊரே பார்க்கும்.

அரசுக்கும் கடமை இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மாலை நேரத்தில் இணையத்தோடு கணினி திறந்திருக்க வேண்டும். ஆசிரியருக்கான அடுத்த பயிற்சியில் ஒரு நாளாவது பதிவேற்றத்தை விட்டுவிட்டு, பாடம் தருவதைப் பற்றிப் பேச வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். "போன் இல்லாத பிள்ளைக்கு இந்த வீட்டுப்பாடத்தை எப்படித் தரப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.