காற்றுப்பையைத் தடுத்தவர்கள் யார்?

எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் கார் விளம்பரம். அதிலே கொட்டை எழுத்தில் ‘ஆறு ஏர்பேக்’ என்று பொறித்திருக்கிறார்கள். வாங்குபவரின் குடும்பத்தைக் காப்பதற்கென்றே கம்பெனி நடத்துவது போல உருகி எழுதுகிறார்கள். படிப்பவர்கள், முதலாளிமாருக்கு நம் உயிர்மேல் எத்தனை அக்கறை என்று எண்ணிவிடக்கூடும். அப்படி எண்ணி ஏமாற வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஏர்பேக் என்னும் இந்தக் காற்றுப்பைக்கு அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது 1953-ல். அந்நாட்டுக் கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் அது கட்டாயமானது 1998-ம் ஆண்டு மாடல் கார்களில். இடையிலே 45 ஆண்டுகள்! அத்தனை காலம் அதைத் தடுத்து நின்றவர்கள் யார், எந்தக் கணக்கைக் காட்டித் தடுத்தார்கள் என்பதைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே கணக்குத்தான் இன்று நம் நாட்டிலும் போடப்படுகிறது.

முதலில் அந்தப் பை செய்யும் வேலையைப் பார்ப்போம். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். பஸ் நின்றுவிடுகிறது, நாம் நிற்பதில்லை, முன்னே போய் விழுகிறோம். காரிலும் இதே கதைதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு சுவரில் மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடலோ அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங்கை நோக்கிப் பாயும். ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலைந்து மாடி உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது எந்த வேகமோ அந்த வேகம் இது. சாரத்தின்மீது நின்று வேலை செய்யும் கட்டடத் தொழிலாளிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மோதிய கணத்தில் காரிலுள்ள சென்சார்கள் வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்பதை அளக்கின்றன. பிரேக் போட்டதா, பள்ளத்தில் இறங்கிய குலுக்கலா, உண்மையான மோதலா என்று ஒரு சிறு மின்கருவி தீர்மானிக்கிறது. மோதல்தான் என்றால் ஓர் உலோகக் குப்பிக்கு மின்சாரம் பாய்கிறது. அந்தக் குப்பிக்குள் பெரும்பாலும் அடைத்து வைத்த காற்று இருப்பதில்லை. வெடிமருந்தின் இனத்தைச் சேர்ந்த வில்லைகள் இருக்கின்றன. தீப்பொறி பட்டதும் அவை எரிந்து வாயுவாகின்றன. தொடக்க காலத்தில் சோடியம் அசைடு என்ற ரசாயனத்தை வைத்தார்கள். அது எரிந்தால் வருவது நைட்ரஜன். நாம் மூச்சு விடும் காற்றில் முக்கால் பங்குக்கும் மேலாக இருப்பதும் அதுவே. ஆனால் அசைடு நச்சுப் பொருள் என்பதால் பிற்பாடு வேறு ரசாயனங்களுக்கு மாறினார்கள். மடித்து வைத்த நைலான் பை, மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வந்து நிரம்புகிறது. மோதல் தொடங்கியதிலிருந்து பை நிரம்பும் வரை ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

பை பலூனைப்போல இறுகி நின்றால் தலை அதில் மோதிப் பின்னுக்கு எகிறும். ஆகவே அதன் பின்புறத்தில் துளைகள் வைத்திருக்கிறார்கள். முகமும் மார்பும் பையில் அழுந்த அழுந்த, வாயு துளைவழியே வெளியேறி, பை மெல்லத் தளர்கிறது. இரும்பிலே மோதி ஒரே இடத்தில் விழ வேண்டிய அடி, இவ்வாறு நேரத்தாலும் பரப்பாலும் பங்கு போடப்படுகிறது. உயிர் தப்புவது அதனாலேதான். பை விரிந்தபின் வண்டிக்குள் வெண்புகைபோலத் தூள் பரவும். தீப்பற்றிவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

வண்டி ஓட்டும் தோழர்களுக்கு இடையிலே ஒரு வார்த்தை. பை வெளியே பாயும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவுக்குப் போகக்கூடியது. ஸ்டியரிங்கை மார்போடு அணைத்து உட்காராதீர்கள். ஒரு அடியாவது இடைவெளி இருக்கட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். டாஷ்போர்டில் பை இருக்கும் மூடியின்மீது பொம்மையையோ சாமி படத்தையோ ஒட்டி வைத்தால், பை விரியும்போது அதுவே கல்லாகி முகத்துக்கு வரும். சீட் பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்கிறதே என்று அதன் வாயை அடைக்க ஒரு கிளிப்பை வாங்கிச் செருகுகிறார்கள். இதைவிடப் பேதைமை இல்லை! பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்த, மிச்சத்தைப் பை ஏந்துகிறது. பெல்ட் போடாதவன் பை விரிந்து முடிவதற்குள்ளேயே அதன்மீது போய் விழுகிறான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜான் ஹெட்ரிக் என்பவர் பெரிய கம்பெனி ஆராய்ச்சியாளர் அல்லர். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு பொறியாளர், கடற்படையில் வேலை பார்த்தவர். 1952-ல் மனைவியோடும் மகளோடும் காரில் போகையில் விபத்து நேர இருந்தது. பிரேக் போட்டபோது, குழந்தை முன்னே விழாமலிருக்கப் பெற்றோர் இருவரும் கையை நீட்டித் தடுத்தார்களாம். அந்தக் கைக்குப் பதில் ஒரு பொருள் இருக்கக்கூடாதா என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் இவருடைய காற்றுப்பை. ஜெர்மனியில் வால்டர் லிண்டரர் என்பவரும் அதே காலத்தில் இதே யோசனைக்கு வந்தார். ஹெட்ரிக் கார்க் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார், பயனில்லை. காப்புரிமைக் காலம் கழிந்ததே தவிர, காசு கண்டாரில்லை.

அன்றைய பை இன்றுபோல வேலை செய்யக்கூடியதாக இல்லை என்பது உண்மை. மோதலை நொடிப்பொழுதில் உணரும் கருவி 1960-களின் பிற்பகுதியில்தான் உருவாயிற்று. சரி, அதற்குப் பிறகாவது வைத்தார்களா? அமெரிக்க சர்க்கார், பயணி தாமாக எதுவும் செய்யாமலே காக்கும் சாதனம் காரில் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவர முனைந்தது. 1971 ஏப்ரல் 27-ந் தேதி ஃபோர்டு கம்பெனியின் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டும், அதன் பிரசிடெண்டாக இருந்த லீ அயகோக்காவும் வெள்ளை மாளிகைக்குச் சென்று ஜனாதிபதி நிக்சனைச் சந்தித்து, இந்தப் பாதுகாப்பு விதிகளால் தொழிலே நசிந்துவிடும் என்று முறையிட்டார்கள். நிக்சன் தம் அறையில் ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தவரல்லவா? அந்தப் பேச்சு நாடாவில் பதிவாகி, பின்னர் வெளியே வந்துவிட்டது. விதி தள்ளிப்போடப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1974 முதல் 1976 வரையிலான மாடல்களில் ஏறக்குறைய 10,000 கார்களுக்குப் பையைப் பொருத்தி விற்றுப் பார்த்துவிட்டு, நிறுத்திவிட்டது. செய்ய முடியும் என்பது அத்துடன் நிரூபணமாயிற்று. செய்ய மனம்தான் இல்லை. ரீகன் ஆட்சிக்கு வந்ததும், 1981-ல், விதியையே ரத்துச் செய்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. (அவர்களுக்கும் தர்ம சிந்தனை அல்ல; விபத்து குறைந்தால் கொடுக்க வேண்டிய பணம் குறையும்.) 1983-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், தக்க காரணமின்றி ரத்துச் செய்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கார்த் தொழில் முதலாளிகள் காற்றுப்பைக்கு எதிராக ஏறக்குறைய ஒரு யுத்தமே நடத்தியிருக்கிறார்கள் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதி வைத்தார்கள். 1991-ல் காங்கிரஸ் சட்டம் இயற்றிய பிறகுதான் விவகாரம் முடிந்தது.

அதற்குள் இன்னொரு வேடிக்கை. நிக்சன் முன்னே போய் நின்ற அதே அயகோக்கா, பின்னாளில் கிறைஸ்லர் கம்பெனிக்குத் தலைவரானார். 1990-க்குள் தம் கம்பெனி அமெரிக்காவில் கட்டும் எல்லாக் கார்களிலும் டிரைவருக்குக் காற்றுப்பை வைத்து, அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்! விற்பனைக்கு உதவும் என்று தெரிந்ததும் விஷம் அமிர்தமாகிவிட்டது.

தொடக்ககாலப் பைகளில் குற்றமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. பெல்ட் போடாத ஆணுடலையும் பிடித்து நிறுத்த வேண்டும் என்று மிகுந்த விசையோடு அமைத்ததால், 1990-லிருந்து 2008 வரை சிறு மோதல்களில்கூடப் பை அடித்து அமெரிக்காவில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளும் குள்ளமான பெண்களும் அவர்களில் அதிகம். விசையைக் குறைத்தபின் அது பெரும்பாலும் நின்றது. அதே நாட்டில் முன்பக்கப் பைகள் 1987-லிருந்து 2017 வரை காப்பாற்றிய உயிர்கள் 50,000-க்கும் மேல் என்பது அரசாங்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. லாபவேட்டை அப்படித் திருந்துமா? ஜப்பானிய டகாட்டா கம்பெனியைப் பாருங்கள்.

உலகெங்கும் கார்க் கம்பெனிகளுக்குக் காற்றுப்பை செய்து கொடுத்த பெரிய நிறுவனம் அது. 2000-ம் ஆண்டை ஒட்டி, குப்பிக்குள் வைக்கும் மருந்தை அம்மோனியம் நைட்ரேட்டாக மாற்றிற்று. வயலுக்கு உரமாகவும் குவாரிக்கு வெடியாகவும் போகிற அதே பொருள்தான், விலை மலிவு. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும். 32 டிகிரி வெப்பத்தை ஒட்டி அதன் படிகமே மாறும் இயல்புடையது. அதை நிலைப்படுத்திவிட்டோம் என்றார்கள். ஆயினும் வெயிலும் புழுக்கமும் ஆண்டுக்கணக்கில் மாறி மாறித் தாக்க, வில்லைகள் கெட்டு, எரிய வேண்டிய வேகத்தைவிட மிஞ்சி எரிந்தன. குப்பி வெடித்தது. பையைக் கிழித்துக்கொண்டு இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. சின்ன மோதல், கார் பெரிதாக நசுங்கவில்லை, உள்ளே இருந்தவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். கொலையோ என்று போலீசார் சந்தேகித்த சம்பவமும் உண்டு. போட்டிக் கம்பெனியான ஆட்டோலிவின் விஞ்ஞானிகள், இந்த மருந்தைச் சோதித்துப் பார்த்து, அபாயம் என்று அப்போதே ஒதுக்கியதாக 2016-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. தெரிந்துகொள்ள வழியில்லாத அபாயம் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 400 பேருக்குக் குறையாமல் காயம்பட்டார்கள். மலேசியாவிலும் சாவுகள் நேர்ந்தன. ஏறக்குறைய 10 கோடி குப்பிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய திரும்ப அழைப்பு இல்லை. சோதனைக் கணக்குகளைப் பொய்யாகத் தயாரித்துக் கொடுத்ததை டகாட்டா 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. விதிக்கப்பட்ட தொகை 100 கோடி டாலர். தோழர்கள் அதன் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும்: கார்க் கம்பெனிகளுக்கு நஷ்டஈடு 85 கோடி, அபராதம் இரண்டரைக் கோடி, அடிபட்டவர்களுக்கும் செத்தவர்களின் குடும்பங்களுக்கும் பன்னிரண்டரைக் கோடி. ரத்தம் சிந்தியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு! அந்த ஆண்டு ஜூனில் டகாட்டா திவாலாயிற்று.

நம் நாட்டிலோ? 2014-ல் குளோபல் என்காப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து சிறு கார்களைக் காற்றுப்பை இல்லாத மலிவு மாடல்களாக எடுத்து மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். அவற்றில் ஒன்றான போலோவைப் பை வைத்து மீண்டும் மோதியபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பை இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் டிரைவருக்கு ஒரு பை கட்டாயமாக 2019 ஜூலை வரை காத்திருக்க நேர்ந்தது. பக்கத்தில் உட்காருபவருக்கு, புதிய மாடல்களில் 2021 ஏப்ரலில் வந்தது. பழைய மாடல்களுக்கு அதற்கும் பிறகே.

ஆறு பை கட்டாயம், 2022 அக்டோபர் முதல் அமல் என்றார்கள். பிறகு 2023 அக்டோபர் என்று தள்ளினார்கள். 2023 செப்டம்பரில், கட்டாயமாக்கப் போவதில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கைகழுவிவிட்டார். ஒரு பையின் விலை 800 ரூபாய்தான் என்று 2022-ல் பாராளுமன்றத்தில் சொன்னவரும் அவரே! சிறிய காரின் விலை ஏறிவிடும், ஏழை வாங்க முடியாது என்று உற்பத்தியாளர்கள் தரப்பில் கண்ணீர் வடித்தார்கள். ஏழைக்காக முதலாளி அழும்போதெல்லாம் நாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் தோழர்களில் பலர் இந்தச் சட்டத்தின் எல்லைக்கே வெளியில் இருக்கிறார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19-க்கும் மேற்பட்டோர் நடந்து போனவர்கள். லாரி டிரைவருக்கும் காற்றுப்பை கட்டாயமில்லை. விதி கார் வகை வண்டிகளுக்கு மட்டுமே. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார்கள், வரவேற்கிறோம். அந்தக் கேபினின் ஸ்டியரிங்கில் ஒரு பையையும் வைக்க உத்தரவிடுவதற்கு என்ன தடை என்று கேட்கிறோம். மோட்டார்த் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பழைய கார் வாங்கி டாக்ஸி ஓட்டும் தோழர்களுக்கு: டகாட்டா குப்பி பொருத்திய கார்கள் இந்தியாவிலும் விற்றிருக்கின்றன, ஹோண்டா முதலிய கம்பெனிகள் அவற்றைத் திரும்ப அழைத்திருக்கின்றன. கை மாறிய வண்டிக்கு அந்தக் கடிதம் பழைய சொந்தக்காரரின் முகவரிக்குத்தான் போயிருக்கும். வண்டியின் சேஸிஸ் எண்ணை எழுதிக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போய், ஏர்பேக் மாற்ற வேண்டிய பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவது அவர்கள் கடமை. இரண்டாம் கை வண்டி என்று தட்டிக்கழித்தால், சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.